அப்பா அடிச்சத எழுதிட்டேன், அம்மா என்னை விட்டுட்டுப் போனத எழுத முடியல

நடுவட்டம்பனி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, நான் எழுதுறது இதான் முதல் தடவ. எனக்கு 48 வயசு, கோயம்புத்தூர்ல நர்ஸா இருக்கேன். பொறந்தது கூடலூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட் லயத்துல, அதான் தொழிலாளிங்க குடியிருக்கற லைன் வீட்டுல. அப்பா அம்மா 1974ல சிலோன்ல இருந்து கப்பல்ல ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு மலைக்கு வந்தவங்க. சின்ன வயசு வாழ்க்கைய எழுதணும்னு போன வருஷம் ஒரு பெரிய நோட்டு வாங்கி ஆரம்பிச்சேன், 70 பக்கம் வந்துருச்சு.

அப்பா குடிப்பார், அடிப்பார். அது எல்லாத்தையும் எழுதிட்டேன், அடுப்புல இருந்து உருவின விறகுக்கட்டை, அம்மா என்னை கொழுந்துக்கூடைக்குப் பின்னாடி உக்கார வச்சு மேல படங்கு போட்டு மூடினது, பக்கத்துக் காம்பராவுல எல்லாரும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தது, எதுக்கும் கை நிக்கல. அவர் போய் 20 வருஷம் ஆச்சு.

நின்னு போன இடம் வேற. 1986, எனக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறேன். அம்மா என்னை சேரன் பஸ்ல கூட்டிட்டுப் போய் குன்னூர்ல ஒரு வீட்டுல விட்டுச்சு. பாத்திரம் தேய்க்க, கைக்குழந்தைய பாத்துக்க. ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போச்சு. மூணு வருஷம் இருந்தேன். அடுப்படியில கோணிச்சாக்கு மேல படுக்கை, அந்தக் குளிருக்கு குதிகால் வெடிச்சு ரத்தம் வரும். அவங்க எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தா எனக்கு. சம்பளத்த அப்பா மாசா மாசம் வந்து வாசல்லயே வாங்கிட்டுப் போயிடுவார், என்னைக் கூப்பிட்டுப் பாக்க மாட்டார். அப்புறம் ஒரு டீச்சரால திரும்ப ஸ்கூலுக்குப் போனேன், அது தனிக்கதை.

அம்மாவுக்கு இப்ப 70, கூடலூர்ல அண்ணன் கூட இருக்கு. நோட்ட பாத்துட்டு அண்ணன் பத்து நாளா பேசல. அப்புறம் போன் பண்ணி "அம்மா கண்ண மூடுற வரைக்குமாவது பொறுக்க மாட்டியா"ன்னு ஒரே வார்த்தை. அதுல இருந்து அந்தப் பக்கத்துல "பஸ் கெளம்புச்சு"ன்னு எழுதிட்டு அடுத்த வரி வரல. அம்மா இருக்கும்போதே இத எழுதலாமா? இல்ல இந்த அத்தியாயத்த மட்டும் விட்டுட்டு மத்தத எழுதலாமா?

தேவாலா மழை:
சகோதரி, நான் உங்க அண்ணன் பக்கம். கோவிச்சுக்காதீங்க. பத்து வருஷம் முன்னாடி எங்க அப்பாவப் பத்தி ஒரு சின்ன கட்டுரை எழுதி பத்திரிகையில வந்துச்சு, பேரெல்லாம் மாத்தித்தான் எழுதினேன். எங்க ஊர் எவ்வளவு பெருசு? நாலு லைன், ஒரு மாரியம்மன் கோயில். படிச்ச முதல் ஆளுக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அம்மா ரெண்டு வருஷம் திருவிழாவுக்குப் போகல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, திட்டல, அதுதான் இன்னும் தாங்கல. நான் எழுதினது அத்தனையும் உண்மை, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா அந்த உண்மையோட அந்த லைன்ல குடியிருந்தது அவங்க, நான் திருப்பூர்ல இருந்தேன். எழுதுங்க, பெட்டியில வைங்க, அச்சுக்கு அவசரம் வேண்டாம்.

கோத்தகிரி ஹட்டி:
அக்கா, நான் கவுன்சிலிங் வேலையில இருக்கேன், அதனால அச்சு பத்தி இல்ல, உங்க உடம்பப் பத்தி சொல்றேன். அமெரிக்காவுல பென்னிபேக்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 1986ல வெளிவந்த ஆய்வுல, காலேஜ் பசங்கள தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனச ரொம்பக் காயப்படுத்தின விஷயத்த எழுத வச்சுப் பாத்தார். எழுதி முடிச்ச உடனே அவங்களுக்கு மனசு இன்னும் மோசமாத்தான் ஆச்சு, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போறது குறைஞ்சுது. அதுலயும் நடந்தத மட்டும் எழுதினவங்கள விட, நடந்ததையும் அப்ப மனசு பட்ட பாட்டையும் சேத்து எழுதினவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுது. அதனால எழுதினதும் கனமா இருந்தா தப்பு பண்ணிட்டோம்னு நினைக்காதீங்க, ஆனா ராத்திரி ட்யூட்டி முடிச்சு வந்து விடிய விடிய உக்காராதீங்க. 15 நிமிஷம் ஆச்சா, நோட்ட மூடிட்டு எந்திரிச்சு ஒரு டீ போடுங்க. தூக்கம் கெட்டு ரெண்டு வாரம் தாண்டினா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

இன்னொண்ணு. நீங்க நர்ஸ், அடுத்தவங்க வலிய அமைதியா எழுதிப் பழகின கை. அப்பாவப் பத்தின 70 பக்கமும் கேஸ் ஷீட் மாதிரி ஓடியிருக்கலாம். அம்மாகிட்ட வந்து கை நின்னுச்சுன்னா அங்கதான் உங்க புத்தகம் இருக்குன்னு எனக்குத் தோணுது.

ப்ரூஃப் மேசை:
பதிப்பகத்துல வேலை பாக்கறேன், சட்டப் பக்கத்த சொல்லிடறேன். செத்துப் போனவர பத்தி எழுதினா கேஸ் வராதுன்னு பல பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. பாரதிய நியாய சன்ஹிதா 356, முன்ன இபிகோ 499, குடும்பத்தார் மனச நோகடிக்கணும்னே இறந்தவர் பேரக் கெடுத்தா அதுவும் அவதூறுல வரும். உண்மையா இருந்து பொது நன்மைக்காகவும் இருந்தா விதிவிலக்கு உண்டு. அப்புறம் ஆட்டோ சங்கர் சுயசரிதைய நக்கீரன் வெளியிடப் போனப்ப வந்த வழக்குல, 1994ல சுப்ரீம் கோர்ட், பொது ஆவணத்துல இருக்கறத யாரும் போடலாம், அதத் தாண்டி ஒருத்தரோட குடும்பம், கல்யாணம், தாய்மை மாதிரி விஷயத்த சம்மதம் இல்லாமப் போட்டா அந்தரங்க உரிமைல கை வைக்கறதா ஆகும்னு சொல்லிச்சு. உங்க கதையில அப்படிக் கவலைப்பட வேண்டியது குன்னூர் வீட்டுக்காரங்க. பேர மாத்தினா பத்தாது, தெரு, தொழில், குழந்தைங்க எத்தன பேருங்கறது எல்லாம் மாத்துங்க. அந்தக் கோணிச்சாக்க மட்டும் மாத்தாதீங்க.

ஒண்ணு மனசுல வைங்க. 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டத்துல வந்ததே 2006 அக்டோபர்லதான். 1986ல உங்க அம்மா செஞ்சத அந்த ஊர்ல யாரும் தப்புன்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

பழைய கண்டிக்காரன்:
மகளே, எனக்கு 74. நானும் அதே கப்பல்லதான் வந்தேன். 1964ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, அங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும்னு முடிவு பண்ணாங்க, எங்கள யாரும் கேக்கல. வந்து இறங்குன ஊர்லயும் எங்களுக்கு சிலோன்காரன்னுதான் பேரு. உங்கம்மாவுக்கு இங்க அண்ணன் தம்பின்னு ஓடிப்போய் நிக்க ஒரு வாசப்படி இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. அது நியாயம்னு சொல்ல வரல, ஒன்பது வயசுப் பிள்ளைய விட்டது விட்டதுதான். ஏன் விட்டேன்னு கேட்டா ஒண்ணும் வராது, எங்க ஆளுங்க வாயத் தெறக்க மாட்டோம். கூட உக்காந்து வேலை செய்யுங்க. ரொட்டி தட்டுங்க, சம்பல் அரைங்க. அன்னைக்கு ஒரு பேருக்கு, அதான் ஒரு நாள் கூலிக்கு, எத்தன கிலோ கொழுந்து, சம்பளம் எவ்வளவு, கடைக்காரனுக்குக் கடன் எவ்வளவுன்னு கேளுங்க. கணக்கு கேட்டா பேசுவாங்க.

நடுவட்டம்பனி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன். அண்ணன் வெளிய போயிருந்தான், அய்யா சொன்ன மாதிரி அடுப்படியில உக்காந்து மாவு பெசஞ்சேன். கடன் கணக்கு கேட்டதும் அம்மா கடகடன்னு சொல்லிச்சு, அரிசிக்கு எவ்வளவு, அப்பா சாராயக்கடையில வச்ச பாக்கி எவ்வளவு, தம்பி காய்ச்சல்ல கெடந்தப்ப பேர் போடாம விட்ட நாள் எத்தன, எல்லாம். எனக்கு ஒரு தம்பி இருந்தான், அந்த வருஷம்தான் போனான். அத நான் நோட்டுல வேற ஒரு வருஷத்துல எழுதியிருக்கேன். குன்னூர்ல விட்ட அன்னைக்கு நான் மழைன்னு எழுதியிருக்கேன், அம்மா இல்ல வெயிலுன்னு சொல்லுது, வெயில்ல என் செருப்பில்லாத கால் சுட்டதுன்னு சொல்லுது.

அப்புறம் ரொட்டியத் திருப்பிப் போட்டுக்கிட்டே, என் மூஞ்சியப் பாக்காம, "அந்த வீட்டுல உனக்கு ஒழுங்கா சோறு போட்டாங்களா"ன்னு கேட்டுச்சு. 39 வருஷத்துல முதல் தடவ கேக்குது.

நான் யோசிக்கவே இல்ல, "போட்டாங்கம்மா"ன்னு சொல்லிட்டேன்.

திரும்பி வர்ற பஸ்ல, நடுவட்டத்துலயே நோட்ட எடுத்து அந்த வரிக்குக் கீழ இதையும் எழுதினேன், நான் சொன்ன பொய்யோட சேத்து. மிச்சம் சாப்பிட்டதையும் அடிக்கல, அது மேல அப்படியே இருக்கு. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை நோட்டோட போறேன், நானே படிச்சுக் காட்டலாம்னு. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், அவன் வேண்டாம்னு சொல்லல, எத்தன மணி பஸ்ஸுன்னு மட்டும் கேட்டான்.