வணிக வாடகை ஒப்பந்தங்களில் ‘லாக்-இன்’: ‘விலகாக் காலம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கடை, அலுவலகம், கிடங்கு ஆகியவற்றின் வாடகை ஒப்பந்தங்களில் வரும் ‘லாக்-இன் பீரியட்’, அதாவது ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்ளக் கூடாத காலம், என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நம் சொல்லாக்கக் குழுவில் சென்ற வாரம் கேட்கப்பட்டது. ‘பூட்டுக் காலம்’, ‘முடக்கக் காலம்’, ‘கட்டாயக் காலம்’ என மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கடை ஒப்பந்தங்களைத் தமிழாக்கிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்த ஒரு சொல் விளங்காமல் போனதால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அது ஒரு பேக்கரிக்காரரின் குடும்பம். பேருந்து நிலையத்துக்கு எதிரே தரைத்தளத்தில் ஒரு கடை பிடித்தார். ஒன்பது ஆண்டு ஒப்பந்தம், மாத வாடகை 65,000 ரூபாய், முன்பணம் ஆறு மாத வாடகை, மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயர்வு. ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ‘36 மாத லாக்-இன்’ என்ற வரியைக் காட்டி இடைத்தரகரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். ‘அதுவரைக்கும் உங்களை யாரும் கிளப்ப முடியாதுண்ணே’ என்று பதில் வந்தது. அந்த நம்பிக்கையில் மும்முனை மின் இணைப்பு, கண்ணாடி முகப்பு, புதுத் தரை என்று கையிருப்பை எல்லாம் கடைக்குள் இறக்கினார். வியாபாரம் ஓடவில்லை. பதினான்காம் மாத முடிவில் சாவியைக் கொடுக்கப் போனபோது, மீதி 22 மாத வாடகையான 14,30,000 ரூபாயைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதை என் மேசையில் வைத்துவிட்டு, ‘இது என்னைக் காப்பாத்துற வரின்னுல்ல நெனச்சேன்’ என்றார். பத்தியைப் படித்துப் பார்த்தேன். முதல் 36 மாதம் வாடகைதாரர் ஒப்பந்தத்தை முடிக்கக் கூடாது என்று இருந்தது. கட்டட உரிமையாளரைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர் மூன்று மாத அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கம் தள்ளி வேறொரு பத்தி சொன்னது.

ஆகவே நாம் ஆக்கும் சொல், யார் கட்டுப்பட்டவர், எதிலிருந்து தடுக்கப்பட்டவர் என்ற இரண்டையும் படித்தவுடன் காட்ட வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை.

இந்தக் காலம் சட்டத்தில் எங்கே உட்காருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 105ஆம் பிரிவில், ஒரு தொகைக்கோ வாடகைக்கோ ஈடாக அசையாச் சொத்தைத் துய்க்கும் உரிமையைக் குறித்த காலத்துக்கு மாற்றித் தருவதைக் குத்தகை என்கிறது. காலம் குறித்து எழுதிவிட்டால், அக்காலம் தீரும்போதுதான் அது தானாக முடியும். நடுவில் ஒருவர் மட்டும் விரும்பி எழுந்து போவதற்கு ஒப்பந்தத்தில் தனியே இடம் விட்டிருக்க வேண்டும். அப்படி இடம் விடும் பத்தியைத்தான் ‘இத்தனை மாத அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம்’ என்று எழுதுகிறோம். அந்த உரிமை எத்தனை மாதம் உறங்கியிருக்கும் என்று சொல்வதே லாக்-இன். முடித்துக்கொள்ளும் உரிமையே இல்லாத ஒப்பந்தத்தில் லாக்-இன் என்று தனியே எழுதுவதற்கு வேலை இல்லை.

இப்போது முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். கடைத்தெருவில் ‘பூட்டு’ என்றால் கடை மூடிக் கிடக்கிறது என்று பொருள். ‘பூட்டுக் காலம்’ என்று படிக்கும் வணிகர், கடையைத் திறக்கக் கூடாத காலம் என்றே முதலில் எண்ணுவார். ‘முடக்கம்’ 2020க்குப் பிறகு பொதுமுடக்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இதில் பொருட்குழப்பமும் உண்டு, நீதிமன்ற வழக்குகளோடு சேரும் குழப்பமும் உண்டு. அந்த ஆண்டு கடைகள் மூடிக் கிடந்தபோது வாடகையை நிறுத்திவைக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில், கடையைக் கையில் வைத்துக்கொண்டே அப்படிக் கோர முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் கூறியது. தீயாலோ வெள்ளத்தாலோ பிற தடுக்கவொண்ணா ஆற்றலாலோ இடம் அழிந்தாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோதான் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு வாடகைதாரருக்கு விடுபடும் வாய்ப்பைத் தருகிறது. இந்தப் பின்னணியில் ‘முடக்கக் காலத்தில் வாடகை’ என்று ஒரு பத்தி எழுதினால் அது எந்த முடக்கம் என்று கேட்க வேண்டிவரும். ‘கட்டாயக் காலம்’ தவறில்லை. ஆனால் யாருக்குக் கட்டாயம், எதைச் செய்யக் கட்டாயம் என்பதைச் சொல்லவில்லை.

பங்குச் சந்தையிலும் வரிச்சேமிப்பு முதலீட்டுத் திட்டங்களிலும் இதே ஆங்கிலச் சொல் வழங்குவதால் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே குறித்த காலம் முடியும்வரை பணத்தை வெளியே எடுக்கவே முடியாது. இங்கே கடைக்காரர் சாவியை வைத்துவிட்டுப் போக முடியும். போனால் ஈடு கேட்பார்கள். பொருள் இரண்டாக இருக்கும்போது தமிழில் சொல்லும் இரண்டாக இருப்பதே நன்று.

என் முன்மொழிவு இது. ‘விலகு’ தன்வினை, ‘விலக்கு’ பிறவினை. வாடகைதாரர் தாமாக விலகக் கூடாத காலம் ‘விலகாக் காலம்’. உரிமையாளர் வாடகைதாரரை விலக்கக் கூடாத காலம் ‘விலக்காக் காலம்’. வாடாமலர், அழியாச் செல்வம் என்று நாள்தோறும் புழங்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்ச அமைப்பே இது. பெரிய வணிக நிறுவனங்கள் கடை எடுக்கும்போது தமக்கு மூன்றாண்டு, உரிமையாளருக்கு முழு ஒன்பதாண்டு என்று பேசி வாங்கிக்கொள்வது வழக்கம். சிறு வணிகரின் ஒப்பந்தத்தில் அது தலைகீழாக அமைந்துவிடுகிறது. இரண்டு சொற்கள் தனித்தனியே இருந்தால், இரண்டாவது சொல் தம் ஒப்பந்தத்தில் இல்லையே என்று சிறு வணிகரும் கேட்பார்.

ஒரு சிறு குறிப்பு: தமிழாக்கத்தில் ‘லீஸ்’ என்று அப்படியே எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். சென்னையில் வீட்டை ‘லீஸுக்கு’ விடுவது என்றால் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவது, அதாவது ஒத்தி அல்லது போகியம். குத்தகை என்றால் வயலும் தோப்பும் நினைவுக்கு வரும். கடைக்கு வாடகை என்பதே எல்லா ஊரிலும் விளங்குகிறது. தங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

ஐயா, வணக்கம்.

தங்கள் மடலை இருமுறை படித்தேன். உரிமையியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் சில தடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, ‘விலகா’, ‘விலக்கா’ என்ற இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு ‘க்’. இலக்கணமாக அழகுதான். ஆனால் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்பவர் மாலை ஆறு மணிக்கு, நாளைக் காலைப் பதிவுக்காக அவசரமாக அடித்துக்கொண்டிருப்பார். அந்த ஒற்று விழுந்தால் பல லட்சம் ரூபாய்ப் பொறுப்பு ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறிவிடும். அப்படியொரு சொல்லிணையை ஆவணத்தில் வைக்க நான் அஞ்சுகிறேன்.

இரண்டாவது, ‘விலக்காக் காலம்’ கொடுக்க முடியாத வாக்குறுதியைக் கொடுக்கிறது. வாடகை பாக்கி வைத்தாலும், உரிமையாளரின் இசைவின்றி உள்வாடகைக்கு விட்டாலும் வெளியேற்றக் கோரும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. லாக்-இன் அதைத் தடுப்பதில்லை. பாக்கிக்காகக் குத்தகை பறிபோகும் நிலையில், வட்டியோடும் வழக்குச் செலவோடும் நீதிமன்றத்தில் கட்டினால் அதைக் காப்பாற்றித் தர சொத்து மாற்றுச் சட்டத்தின் 114ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது என்பது உண்மை. அதுகூடச் சட்டம் காட்டும் சலுகை, ஒப்பந்தம் தரும் பாதுகாப்பு அன்று. ‘விலக்கா’ என்று படிக்கும் தங்கள் பேக்கரிக்காரர், வாடகை கொடுக்காவிட்டாலும் தம்மை எழுப்ப முடியாது என்று நம்பிவிட்டால் என்ன செய்வது?

மூன்றாவது, சொல்லைவிடப் பதிவு முக்கியம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்த ஆவணத்தால்தான் ஆக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு. பதிவு செய்யாத தாளில் 36 மாதம் என்று எழுதினாலும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 49ஆம் பிரிவின்படி அந்தக் காலத்தை நிறுவ அத்தாளைச் சான்றாகக் கொள்ள முடியாது. பொதுவாக அது மாதவாடகையாகவே கருதப்பட்டு, பதினைந்து நாள் அறிவிப்பில் முடிந்துவிடும். பதினொரு மாதத் தாளை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு, அதற்குள் மூன்றாண்டு லாக்-இன் எழுதி வைத்திருக்கும் ஒப்பந்தங்களை நான் நிறையப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டமும் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து வாடகை அதிகார அமைப்பில் பதியச் சொல்கிறது.

கடைசியாக, பெயருக்கு இவ்வளவு கவலை வேண்டுமா? தில்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவரின் வழக்கில், ஆவணம் தன்னை ‘உரிமம்’ என்று அழைத்துக்கொண்டபோதும், இடத்தின் முழு அனுபவமும் அவரிடம் இருந்ததைப் பார்த்து அது குத்தகையே என்று உச்ச நீதிமன்றம் 1959இல் முடிவு செய்தது. நீதிமன்றம் பொருளைத்தான் பார்க்கும்.

*

அம்மா, வணக்கம்.

தங்கள் முதல் இரண்டு தடைகளையும் முழுமையாக ஏற்கிறேன். ஒரு ஒற்றை நம்பிப் பெருந்தொகையை வைக்கக் கூடாது என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ‘வெளியேறா’, ‘வெளியேற்றா’ என்று மாற்றிப் பார்த்தேன். அங்கும் ஓர் ஒற்றே வேறுபாடு.

தாங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் என் பிழையின் வேர் தெரிந்தது. கடையை விட்டு வெளியேறுவதையும் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதையும் நான் ஒன்றாகக் கொண்டுவிட்டேன். உரிமையாளருக்கும் லாக்-இன் தடுப்பது ஒப்பந்தத்திலிருந்து தாமாக விலகுவதைத்தான். பாக்கிக்காக வெளியேற்றக் கோருவது விலகல் அன்று. ஒப்பந்தத்தை மீறியவர்மீது எடுக்கும் நடவடிக்கை. ஆகவே இரு பக்கத்துக்கும் ‘விலகு’ என்ற தன்வினையே போதும். சொல் ‘விலகாக் காலம்’ என்று ஒன்றாகவே இருக்கட்டும். யார் என்பதை முன்னால் எழுதியே தீர வேண்டும். ‘வாடகைதாரர் விலகாக் காலம் 36 மாதம், உரிமையாளர் விலகாக் காலம் 108 மாதம்.’ இருவருக்கும் ஒரே அளவு என்றால் ‘இருவரும் விலகாக் காலம்’. முன்னொட்டு இல்லாமல் இச்சொல்லை ஆவணத்தில் எழுதுவதில்லை என்பதை நம் சொற்பட்டியலில் குறிப்பாகச் சேர்க்கலாம்.

பதிவைப் பற்றித் தாங்கள் சொன்னது சரி. 1959 தீர்ப்பைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். பேக்கரிக்காரர் நீதிமன்றம் வரை போகவே இல்லை. நான்கு மாதத்தில் உரிமையாளருக்கு வேறு வாடகைதாரர் கிடைத்தார். முன்பணம் 3,90,000 ரூபாயை விட்டுக்கொடுத்து இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில், குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான ஈட்டையே கோரலாம் என்று இருப்பதையும், 22 மாத வாடகை என்பது தானாக வந்து விழும் கடன் அன்று என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்ல அப்போது யாரும் இல்லை. நோட்டீஸைக் கண்டு நடுங்கித்தான் முன்பணத்தை விட்டார். நீதிமன்றம் பொருளைப் பார்க்கும். கையெழுத்துப் போடும் இடத்தில் கடைக்காரர் சொல்லைத்தான் பார்க்கிறார். நாம் சொல் ஆக்குவது அந்த மேசைக்காக.

இதையொட்டி இன்னொரு சொல்லையும் முன்வைக்கிறேன். ஆங்கில ஒப்பந்தங்களில் ‘எஞ்சிய விலகாக் காலத்துக்குரிய வாடகை முழுவதும்’ என்று எழுதும் இடத்தில் ‘விலகல் ஈடு’ என்று தனிச்சொல்லாக எழுதினால், அது வாடகை அன்று, இழப்புக்கான ஈடு என்பது தெளிவாகும். அடுத்த வாரம் ஒரு துணிக்கடைக்கு நான் கொடுக்க வேண்டிய தமிழ் வரைவில் பத்தி இப்படி அமைந்திருக்கிறது:

‘வாடகைதாரர் விலகாக் காலம், வாடகை தொடங்கும் நாளிலிருந்து 24 மாதம். உரிமையாளர் விலகாக் காலம், இவ்வொப்பந்தக் காலம் முழுவதும். வாடகைதாரர் தமது விலகாக் காலத்துக்குள் விலகினால், மூன்று மாத வாடகைக்கு மேற்படாத தொகையை விலகல் ஈடாகத் தருவார். அதற்குள் இடம் வேறொருவருக்கு வாடகைக்குப் போய்விட்டால், அந்நாள் வரைக்கும் மட்டுமே ஈடு கணக்கிடப்படும். வாடகை நிலுவைக்காகவோ பிற ஒப்பந்த மீறலுக்காகவோ உரிமையாளர் எடுக்கும் நடவடிக்கையை இப்பத்தி தடுக்காது.’

இதில் ஓட்டை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அம்மா. சனிக்கிழமை இரு தரப்பையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டப்போகிறேன்.