யூ.பி.யூ.வில் முதல் இடம்: மலாயாவா, யூ.எஸ்.எம்.மா?

எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த தம்பி தங்கைகள் பலரும் இதையே கேட்கிறார்கள்: "என்ன படிக்கிறதுன்னே தெரியலக்கா, எந்த யுனிவர்சிட்டிய முதல்ல போடட்டும்?" யூ.பி.யூ. என்பது மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேரப் போடும் பொது விண்ணப்பம், யூ.எஸ்.எம். பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நான் பட்டதைச் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

எனக்குக் கோலாலம்பூரில் செந்தூல். கலைப்பிரிவு. வரலாறு பிடிக்கும், பொருளாதாரம் ஓரளவு வரும், ஊடகத்தின் மேலும் ஒரு கண். அப்பாவுக்கு யுனிவர்சிட்டி என்றாலே மலாயாப் பல்கலைக்கழகம்தான். வீட்டிலிருந்தே போய் வரலாம். இந்திய ஆய்வியல் துறை 1956லிருந்து இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். அதெல்லாம் சரி. ஆனால் யூ.பி.யூ.வில் பல்கலைக்கழகத்தை மட்டும் தனியாகப் போட முடியாதே! படிப்பும் இடமும் சேர்ந்துதான் ஒரு குறியீடு. 12 விருப்பங்கள் போடலாம், கையில் வருவது ஒன்றுதான். மலாயாவில் வரலாறு ஒரு வாசல், ஊடகம் இன்னொரு வாசல். எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாதவளுக்கு இது பெரிய தலைவலி.

பெரியப்பா மகள் அப்போது பினாங்கில் யூ.எஸ்.எம்.மில் படித்துக்கொண்டிருந்தாள். பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் ஃபெர்ரி, பஸ் என்று போய்ச் சேர்ந்தேன். வளாகத்தைச் சுற்றிக் காட்டுவாள் என்று பார்த்தால், பக்கத்துச் சுங்கை டுவாவில் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார வைத்து, குழம்புக் கறை படிந்த பாடக் கையேட்டை விரித்துவிட்டாள். "பேரப் பாத்துப் போடாதடி, இதப் பாரு." சமூக அறிவியல் பட்டம் ஒன்றுதான், அதற்குள்ளேயே மானுடவியல்-சமூகவியல், அரசியல் அறிவியல், மேம்பாட்டுத் திட்டமிடல் எல்லாம் இருந்தன. மேஜரோடு (முதன்மைப் பாடம்) மைனரும் (துணைப் பாடம்) எடுக்கலாம். முதலாண்டில் எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எதில் இறங்குவது என்று முடிவு செய்தால் போதும் என்றாள். நான் தேடியது அதைத்தான்.

யூ.எஸ்.எம்.மையே முதலில் போட்டேன். அரசியல் அறிவியலில் முடித்தேன், மைனர் வரலாறு. சேரும்போது அரசியல் அறிவியல் என் பட்டியலிலேயே இல்லை! அப்பா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் "மக பினாங்குல படிச்சா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். யுனிவர்சிட்டி பெயர் வாயில் வராது.

*

நான் நேர் எதிர், அக்கா. புக்கிட் மெர்தாஜாம் பையன். யூ.எஸ்.எம். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும், ஆனாலும் மலாயாவைத்தான் போட்டேன். படிப்பில்தான் குழப்பம், ஊரில் இல்லை. செய்தி, விளம்பரம், மொழிபெயர்ப்பு என்று எந்தப் பக்கம் போனாலும் பயிற்சிக்குக் கோலாலம்பூரில்தான் இடம் அதிகம் என்று நினைத்தேன். இந்திய ஆய்வியல் கிடைத்தது. பகுதிநேரமாகப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன், இன்று அதுதான் தொழில். ஆனால் துறை மாற நினைத்த நண்பன் ஒருவன் மனு, காலியிடம், மதிப்பெண் என்று ஒரு செமஸ்டர் முழுக்க அலைந்தான். அந்த விஷயத்தில் அக்கா சொல்வது சரி.

*

தனியாரில் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தையும் பாருங்கள். முதலில் பலதுறைப் பாடங்களை இங்கே படித்துவிட்டு, மிச்சத்தை அங்கே போய் முடிக்கலாம். முடிவெடுக்காதவர்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். பணம்தான் பிரச்சினை. என் மகள் சேர்ந்த கல்லூரியில் "எல்லா கிரெடிட்டும் ஏத்துக்குவாங்க" என்று வாயால் சொன்னார்கள். அங்கே இரண்டு பாடங்களை ஏற்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள்.

*

கிரெடிட்டை எழுத்தில் வாங்கச் சொன்னது முக்கியம், நன்றி. தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று: ரிசல்ட் வந்த பிறகு யூ.பி.யூ.வில் வரிசையை மாற்ற அவகாசம் தருவார்கள். மெரிட்டில் (சேர்க்கைக்கான மொத்த மதிப்பெண்) 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முதல் இடத்தை முடிவு செய்யுங்கள்.