‘முன்பள்ளி’ என்பதை உருண்டைக் கோட்டெழுத்தில் வரைந்தபோது

உப்புவெளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நிலாவெளி வீதியோரம் இருக்கும் ஒரு முன்பள்ளியின் சுவரில், ஓரம் மட்டும் கோடாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும் உருண்டை எழுத்துகளை வரைந்து தரும்படி கடந்த ஆண்டு என்னிடம் கேட்டார்கள். அந்த வெறுமைக்குள் பிள்ளைகளே வண்ணம் தீட்ட வேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம்.

நம் திருகோணமலையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் எழுத்துருவைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். சாய்ந்து ஓடும் அழகான கையெழுத்து அது; ஆனால் சிறு பிள்ளையின் தூரிகை நுழையும் அளவுக்கு அதற்கு வயிறு இல்லை. ஆகவே மும்பையின் எக் டைப் குழுவினர் உருவாக்கிய, முனை மழுங்கிக் கொழுகொழுவென்றிருக்கும் பலூ தம்பி எழுத்துருவுக்கு மாறினேன். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நிரப்பிய நிறத்தை நீக்கி விளிம்புக் கோட்டை மட்டும் தடிப்பாக்கியபோது, கோடு விளிம்பின் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பரவி, ‘ன’, ‘ள’ ஆகியவற்றின் சுழிகளை ஏறக்குறைய அடைத்துவிட்டது. நெருக்கமாக நின்ற எழுத்துகளிலோ ஒன்றின் கோடு அடுத்ததன் உடலுக்குள் புகுந்தது. எழுத்துகளைச் சற்று விலக்கி, ஒவ்வொரு சுழியையும் கையால் அகட்டி முடிக்க ஒரு முழு நாள் பிடித்தது. கோட்டெழுத்துக்கென்றே சுழிகளை அகலமாக வரைந்த தமிழ் எழுத்துரு ஒன்று கையில் இருந்திருந்தால், அந்த நாளைச் சுவரிலேயே செலவிட்டிருப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளிதான். தடித்த எழுத்தில் அது ஒரு கறுப்புப் பொட்டு; கோட்டெழுத்தில் அதுவே வளையமாகிவிடுகிறது. கையால் எழுதும்போது நம்மில் பலரும் புள்ளியைச் சிறு வட்டமாகவே சுழிப்பதால், ‘ன்’, ‘ள்’ இரண்டும் அந்தச் சுவரில் மிக இயல்பாக அமர்ந்தன. பிள்ளைகள் முதலில் வண்ணம் தீட்டியதும் அந்த இரண்டு வளையங்களுக்குத்தான்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். அறுபது சென்ரிமீற்றர் உயர எழுத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கோடு போதும் என்று கணித்திருந்தேன். நண்பகல் வெயிலில், வீதியின் மறுகரையிலிருந்து பார்த்தபோது வெளிர்மஞ்சள் சுவர் மட்டுமே தெரிந்தது. கடும்நீலத்தில் இரண்டரை சென்ரிமீற்றராகத் தடிப்பாக்கிய பின்பே பெயர் வாசிக்கக் கிடைத்தது.

திருகோணமலை டச்சு பே கடற்கரைக்கு அருகிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

அண்ணா, நீங்கள் சுவரில் வரைந்ததைப் போன்ற கோட்டெழுத்தை நான் பைபர் படகொன்றுக்கு ஸ்டிக்கராக வெட்டிப் பார்த்தேன். கோட்டெழுத்தில் வெட்டுக்கத்தி வெளி விளிம்பையும் உள் விளிம்பையும் தனித்தனியே சுற்றி வருவதால், எஞ்சுவது ஒரு மெல்லிய நாடா மட்டுமே. நீங்கள் விரும்பிய அந்தப் புள்ளி வளையம், தேவையற்ற பகுதியை உரிக்கும்போதே இரண்டு தடவை கிழிந்தது. ஒட்டிய பிறகும் உப்புநீர் பட்டு ஓரங்கள் எழும்பின. இறுதியில் வெள்ளை நிறத்தில் முழு எழுத்தை அடியில் ஒட்டி, அதன் மேல் நீலக் கோட்டை வைத்தேன். பார்வைக்கு அதே உருண்டைக் கோட்டெழுத்துதான், ஆனால் நாடாவுக்குப் பிடித்துக்கொள்ள வழுவழுப்பான ஓர் அடித்தளம் கிடைத்தது. புள்ளிகள் இன்னும் படகில் இருக்கின்றன.