கண்மாய்க்கரைக் கருவேலம்: பலகையில் அக்கேசியாவா, வச்செல்லியாவா?

வைகைவாசி:
மேலூர்ப் பக்கம் எங்கள் கண்மாய்க்கரை மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம். கருவேலத்துக்கு ‘அக்கேசியா நிலோட்டிகா’ என்று எழுதக் கொடுத்தேன். குழுவில் ஒரு தம்பி, அது பழைய பேர், ‘வச்செல்லியா நிலோட்டிகா’ என்று மாற்றுங்கள் என்கிறார். பெயிண்டர் காத்திருக்கிறார். எதை எழுத?

செடிகொடி:
மாற்றிவிடுங்கள் அண்ணே. 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டிலேயே முடிந்துபோன விஷயம். பழைய அக்கேசியாவில் இருந்த மரங்கள் எல்லாம் ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்ததும் பிரித்தார்கள். ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரம் இனங்கள் பக்கம் இருக்கின்றன. பேரை அங்கே விட்டுவிட்டால் மாற்ற வேண்டியது குறைவு.

கம்மாக்கரையான்:
ஆள் அதிகமென்றால் பட்டாவையே மாற்றி எழுதிவிடுவார்களா தம்பி? அந்தப் பேரினத்துக்கே மாதிரி இனமாக, அதாவது பேர் எதைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாள இனமாக, இருந்தது கருவேலம்தான். வியன்னாவில் ஓட்டுப் போட்டவர்களில் 54.9 சதவீதம் பேர் மாற்றத்தை எதிர்த்தார்கள். 60 எட்டவில்லை என்று தள்ளிவிட்டார்கள். இப்போது பாருங்கள், கொடைக்கானல் புல்வெளியை விழுங்கிய வாட்டில் மரம் அக்கேசியா. நம்ம கண்மாய்க் கருவேலம் இல்லையாம்!

செடிகொடி:
தாவரப் பெயர்களைப் பார்க்கும் குழு பரிந்துரைத்த மாற்றத்தைத் தள்ள 60 சதவீதம் வேண்டும் என்பதுதான் அங்கே விதி. 2011ல் மெல்போர்னில் மறுபடி கிளப்பினார்கள், அங்கேயும் அதே முடிவு. வச்செல்லியா ஒன்றும் புதுப்பேர் இல்லை. 1834ல் வைட், ஆர்னாட் என்ற தாவரவியலாளர்கள் வைத்தது. வைட் நம்ம மதராஸ் மாகாணத்தில் செடி சேகரித்தவர்.

கம்மாக்கரையான்:
அவர் வைத்தது சீனக் கரையில் உள்ள மக்காவ் நகரில் செடி சேகரித்த வேச்சல் பாதிரியாரின் பேரை. நமக்கு என்ன ஒட்டு?

ஆட்டுக்கிடை:
பேரை எப்படியும் எழுதுங்க. காயைப் படமாகப் போடுங்க. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, எங்க ஊரில் ஜேசிபி கருவேலத்தையும் சேர்த்தே சாய்த்தது. கருவேல நெற்று மணிமணியாக, இடையில் இறுகி, சாம்பல் பூத்திருக்கும். பூ மஞ்சள் உருண்டை. சீமையின் காய் நீளமாக, மஞ்சளாக வரும். பூவும் கதிர் மாதிரி. ஆடு ரெண்டையும் தின்னும், ஜேசிபிக்காரருக்குத்தான் வித்தியாசம் தெரியணும்.

செடிகொடி:
சீமைக்கருவேலத்துக்கும் புரோசோபிஸ் என்ற பேரினப் பேர் போய் 2022ல் நெல்டூமா என்று வந்துவிட்டது :)

கம்மாக்கரையான்:
அது எங்கே வேணும்னாலும் போகட்டும்.

வைகைவாசி:
சரி. மேலே பெரிதாகக் ‘கருவேலம்’, பக்கத்தில் நெற்றுப் படம், கீழே வச்செல்லியா. அதற்கும் கீழே ‘முன்பு அக்கேசியா’.

கம்மாக்கரையான்:
‘முன்பு’ வேண்டாம். ‘அக்கேசியா என்றும் சொல்வர்’ என்று போடுங்க.