டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு: தினமும் இருபது நிமிட வேலைக்கு 33 ஹெச்பி டிராக்டர் சரிப்படுமா?

கொடாப்பு:
வணக்கம். டெக்சஸில் பாஸ்ட்ரோப் கவுண்டியில் 11 ஏக்கர் வைத்திருக்கிறோம். 38 ஆடுகள், அவற்றுக்குக் காவலாக ஒரு கழுதை. போன வருடம் 33 ஹெச்பி சின்ன டிராக்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 2022 மாடல், அப்போது 212 மணி ஓடியிருந்தது. வீட்டுக்காரர் வேலைக்கு ஆஸ்டின் போய்விடுவதால் வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் நான்தான்.

காலை 6 மணிக்கு ஸ்டார்ட் செய்வேன். ஒரு நாள் ஆடுகளுக்கான காய்ந்த புல் உருளையைப் பின்னால் குத்தி எடுத்துப் போவேன், மறுநாள் தண்ணீர்த் தொட்டியை இழுப்பேன். கேட்டைத் திறக்க இறங்கும்போதும், உருளையின் வலையை வெட்டி எடுக்கும்போதும் இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்த்து 20 நிமிடம்.

நவம்பரில் ஒரு நாள் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இன்ஜின் சத்தம் மாறி, சூடான ஒரு வாடை. ஏதோ தீப்பிடிக்கிறது என்றே பட்டது, உடனே அணைத்துவிட்டேன். இந்த ஊரில் 2011 செப்டம்பர் காட்டுத்தீயில் 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்துபோயின. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கரிந்த பைன் கட்டைகள் இன்னும் கிடக்கின்றன. காய்ந்த புல் நடுவே சைலன்சர் கொதிக்கிறது என்றால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இப்படி நான்கு முறை பாதியில் அணைத்தேன். அப்புறம் இந்த ரீஜென்னை, அதாவது ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டி தானே எரிப்பதை, தடுக்க ஒரு பொத்தான் இருப்பது தெரிந்து, அதைப் போட்டே வைத்துவிட்டேன்.

ஜனவரியில் வண்டி இழுவை இல்லாமல் போய்விட்டது. டிரெய்லரில் ஏற்றி டீலரிடம் கொண்டு போனோம். லேப்டாப்பை மாட்டி உள்ளே சேர்ந்த கரியை எரித்துக் கொடுத்தார்கள், 640 டாலர். ஏன் இப்படி ஆனது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இப்போது ஆயில் கேஜில் மேல் கோட்டைத் தாண்டி அரை விரல் ஏறி நிற்கிறது. முகர்ந்தால் டீசல் வாடை. காங்கேயத்துப் பக்கம் அப்பா ஓட்டிய 35 ஹெச்பி வண்டி புகை கக்கும், ஆனால் இப்படி எதையும் கேட்காது. இதை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டு 25 ஹெச்பிக்குக் கீழே ஃபில்டர் இல்லாத ஒன்றை வாங்குவதா?

ஸ்பானர்19:
அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். ஆயிலை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். டீசல் கலந்த ஆயிலுக்கு வழுவழுப்பு போய்விடும், பேரிங் தேயும். நான் ஒஹையோவில் டிராக்டர் பட்டறையில் 14 வருடமாக இருக்கிறேன். இதே கேஜை இதே காரணத்துக்காக நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். டிபிஎஃப் ஒரு பீங்கான் வடிகட்டி, புகையில் வரும் கரித்தூளைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் அதை 600 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கி எரிக்க வேண்டும். பல வண்டிகளில் இந்தச் சூட்டுக்காகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிப்பார்கள். அது அங்கே எரியாமல் வெளியே போய், ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்டில் பட்டுச் சூட்டைக் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் அந்த டீசலில் ஒரு துளி சிலிண்டர் சுவரில் ஒட்டி ஆயிலுக்குள் இறங்கும். ஒரே ரீஜென்னாக முடிந்திருந்தால் பரவாயில்லை. நீங்கள் நான்கு முறை பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள், வண்டியும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்று ஐடில். சும்மா ஓடும் இன்ஜினின் புகையில் சூடு போதாது, கரி சேரத்தான் செய்யும். சுமையோடு 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வேலை செய்யும்போது அதில் ஒரு பகுதி தானாகவே கரையும். நீங்கள் தருவது எல்லாமே 20 நிமிடக் குளிர்ந்த ஓட்டம். வண்டியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, வேலையின் வரிசையை மாற்றிப் பாருங்கள். உருளைகளை ஒரே நாளில் நகர்த்திவிட்டு, சூடு குறையும் முன்பே ரோட்டரி கட்டரை மாட்டி ஒரு மணி நேரம் பிடிஓ (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) வேகத்தில் வெட்டுங்கள். கேட்டில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

தடுக்கும் பொத்தான் கொட்டகைக்குள் இருக்கும்போது பயன்படுத்த. வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

தீ பற்றிய பயம் நியாயமானது, அதை விடாதீர்கள். நிறுத்தி வைத்துச் செய்யும் ரீஜென் என்றால் கிராவலில், புல்லை விட்டு விலகி. அதற்கு முன் பானெட்டைத் திறந்து ஃபில்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் புல் தூசியை ஊதிவிடுங்கள். நான் பார்த்த தீ விபத்துகள் தரையில் இருந்த புல்லால் வந்தவை அல்ல, பானெட்டுக்குள் சேர்ந்த புல் தூசியால் வந்தவை.

ஆயில், சிகே-4 என்ற டீசல் இன்ஜின் ஆயில் தரமாக இருக்கட்டும். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் ஆயிலில் சேர்க்கும் பொருட்களிலிருந்து வருவது. அதை எடுக்க ஃபில்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அது 3,000 மணிக் கணக்கு. உங்கள் ஓட்டத்துக்கு அது இருபது வருடத்துக்கு மேல்.

மண்வெட்டி:
ஜார்ஜியாவில் 9 ஏக்கர். என்னுடையது குபோட்டா எல்2501, 24.8 ஹெச்பி, டிபிஎஃப் கிடையாது. 19 கிலோவாட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 25 ஹெச்பிக்கு, மேல் போனால் அமெரிக்கப் புகை விதியில் கரித்தூள் வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 0.03 கிராம். அதற்குக் கீழே 0.40. அதனால்தான் இத்தனை கம்பெனிகளின் வண்டிகள் 24 சொச்சத்தில் வந்து நிற்கின்றன.

உருளை தூக்குவதில் உங்களுக்கு ஒன்றும் குறையாது, அது ஹைட்ராலிக்கும் வண்டியின் எடையும் செய்யும் வேலை. அதே கம்பெனியின் 33 ஹெச்பி எல்3301 இதே உடம்புதான். ஆனால் பிடிஓவில் எனக்கு 20 ஹெச்பிக்குப் பக்கம்தான் கிடைக்கிறது. 5 அடி கட்டரை உயரமான புல்லில் ஊர்ந்துதான் ஓட்ட முடியும். முதலில் வாங்கும்போது என்றால் உங்கள் வேலைக்கு இதையே சொல்லியிருப்பேன். கையில் இருப்பதை நஷ்டத்துக்கு விற்று மாற்றச் சொல்ல மாட்டேன்.

ரெட்டைமாடு:
என் நண்பர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரையும் மாற்றி இரண்டு வருடமாக ஓட்டுகிறார். ஒரு தொல்லையும் இல்லை. 640 டாலர் இரண்டு முறை கொடுப்பதற்குப் பதில் அதைச் செய்யலாமே.

ஸ்பானர்19:
தம்பி, வேண்டாம். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி கழற்றுவது சட்டவிரோதம். முறையான டீலர் யாரும் அந்த வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுக்க மாட்டார். அக்காவின் வண்டிக்குப் புகை சம்பந்தமான பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 3,000 மணி, எது முந்தியோ அதுவரை வாரன்டி உண்டு. ஆள் மாறினாலும் அது வண்டியோடு வரும். சென்சார் பழுது போன்றவை அதில் அடங்கும். முதலில் விற்ற தேதியை டீலரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

சட்டத்தை விடுங்கள். ஒஹையோ குளிரில் கதவை மூடிக்கொண்டு பழைய இன்ஜின்களோடு நின்றவன் நான். இரவு மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே சொல்லிவிட்டது. அக்கா உட்காரும் இருக்கைக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே எத்தனை அடி இருக்கும்? அந்த ஃபில்டர் அங்கேயே இருக்கட்டும்.

கொடாப்பு:
நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், குட்டி போடும் பருவம். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் அன்றே மாற்றினோம். வடித்த ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியது. இப்போது 291 மணி. கேஜ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது, வாராவாரம் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலையில் நான்கு உருளைகளையும் மேய்ச்சல் துண்டுகளில் இறக்கிவிட்டு, உடனே கட்டரை மாட்டி வெட்டப் போய்விடுகிறேன். வார நாட்களில் தண்ணீருக்குக் குழாய் இழுத்துவிட்டோம், டிராக்டரைத் தொடுவதில்லை. மார்ச்சில் வெட்டிக்கொண்டிருக்கும்போது விளக்கு வந்தது. கை நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. 2,400 ஆர்பிஎம்மில் 18 நிமிடம், விளக்கு தானாகவே அணைந்தது. அன்று மாலை வண்டி ஆறியதும் புகைக்குழாயின் உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்தேன். கரியே இல்லை. அப்பாவின் வண்டியில் அதே இடத்தைத் தொட்டால் சட்டையைத் துவைக்க வேண்டி வரும்.

வண்டியை விற்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் நெருங்குகிறது. கவுண்டியில் தீ மூட்டத் தடை வந்துவிடும், புல் காகிதமாகிவிடும். அந்த நேரத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே விளக்கு வந்தால், தடுக்கும் பொத்தானைப் போட்டுக் கிராவலுக்குக் கொண்டு போய் அங்கே எரிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பக்கத்தில் தண்ணீர் டேங்க் நிறைத்த ஸ்ப்ரேயரும் இருக்கும். ஸ்பானர் தம்பி, அந்த ஐந்து நிமிடத் தள்ளிப்போடலால் ஏதும் கெடுதல் உண்டா?

ஸ்பானர்19:
இல்லை அக்கா, அது சரியான முறை. கிராவலில் நின்றதும் பொத்தானை எடுக்க மறக்காதீர்கள்.