விளாச்சேரியில் கேமராவைத் தூக்கினாலே வேலை நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மானிடவியல் ஆய்வுக்காக மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களை வீடியோ எடுக்கிறேன். கேமராவைப் பார்த்ததும் அக்கா மண்ணைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, "முதல்ல மண்ணைக் குழைக்கணும்" என்று டிவி பேட்டி மாதிரி ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு வேண்டியது அந்த விளக்கம் இல்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரப் பிசிறை, ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டைவிரலால் தேய்த்துவிடுகிறாரே, அதுதான் வேண்டும். கேட்டால் அவராலேயே அதைச் சொல்ல முடியவில்லை.

ஆடியிலிருந்து போய்வருகிறேன், இப்போது நவராத்திரி வேலை உச்சத்தில் இருக்கிறது. கேமரா சோனி இசட்வி-இ10. முக்காலியில் ஓடவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன், சிவப்பு விளக்கை அணைத்தும் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் அவர் மகளிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் எல்லாம் முகம், கை எங்கேயும் இல்லை. 1957-இல் மானிடவியல் புகைப்படக்காரர் ஜான் காலியர் எழுதிய முறைப்படி போட்டோவைக் காட்டிப் பேசவைத்தேன், அருமையான தகவல்கள் வந்தன, ஆனால் அதில் அசைவு கிடைக்காது. தெரியாமல் ஒளித்து எடுப்பது அவர்களுக்குச் செய்கிற துரோகம், அந்த யோசனை வேண்டாம்.

கைவேலையை நேரில் படம் பிடித்தவர்கள் சொல்லுங்கள்: கேமராவுக்காக வேலை மாறாமல் இருக்க என்ன செய்தீர்கள்?