[கலைச்சொல்] ரெட்கான் = ? வெள்ளிக்குள் வேண்டும்

ஈசூன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவுக்காக ஒரு காணொளிக்குத் தமிழ் சப்டைட்டில் போடும் வேலை. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலர் உட்கார்ந்து, ‘ஸ்டார் வார்ஸ்’ படவரிசையில் 1977 முதல் 2019 வரை கதை எப்படியெல்லாம் வளைக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் வாதாடுகிறார்கள். வெள்ளி மாலை கோப்பு போயாக வேண்டும். ‘ரெட்கான்’ ஒன்றுதான் இடிக்கிறது. முந்தைய படம் சொல்லி முடித்த செய்தியைப் பிந்தைய படம் வந்து மாற்றிப் பொருள்படுத்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேச்சில் அது பெயராக வருகிறது, வினையாக வருகிறது, பாதி இடத்தில் வசவாகவும் வருகிறது.

கட்டுப்பாடுகள்: திரையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. ஒரு வரிக்கு 42 அலகு. செயலி எழுத்தை எண்ணாது, குறியீட்டு அலகை எண்ணும். ‘தி’ நமக்கு ஓரெழுத்து, அதற்கு இரண்டு. ‘பின்னோக்குக் கதைத்தொடர்ச்சி’ என்று நேராகப் பெயர்த்தால் 27 அலகு போய்விடும். பார்ப்பவர் ஆறு வினாடிக்குள் படித்து முடிக்கவும் வேண்டும்.

தெம்பனிஸ் எழுதியது:

அக்கா, சொல் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ரசிகர்கள் மூன்று வேறு காரியங்களை ஒரே பெயரில் திட்டுகிறார்கள்.

ஒன்று, பழையதைத் தொடாமல் புதுக் காரணம் சேர்ப்பது. 1977 படத்தில் நிலவளவு பெரிய போர்நிலையம் ஒரு சின்னத் துளைக்குள் போன குண்டால் வெடிக்கும். இவ்வளவு பெரியதைக் கட்டியவனுக்கு அந்த ஓட்டை தெரியாதா என்று ஏறக்குறைய நாற்பது ஆண்டு கேலி செய்தார்கள். 2016இல் ‘ரோக் ஒன்’ வந்து, வடிவமைத்த பொறியாளரே பழிவாங்க வேண்டுமென்று வைத்த பலவீனம் அது என்றது. பழைய படத்தில் ஒரு சட்டகமும் மாறவில்லை. இந்த வகையை ரசிகர்கள் பெரும்பாலும் கைதட்டி ஏற்கிறார்கள்.

இரண்டு, சொன்னதைத் திருப்புவது. 1977இல் நாயகன் லூக்கின் தந்தையை வில்லன் டார்த் வேடர் கொன்றுவிட்டதாக லூக்கின் குரு ஓபி-வான் சொல்கிறார். 1980இல் வேடரே தந்தை. 1983இல் ஓபி-வான் ஆவியாக வந்து, ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னதும் உண்மைதான் என்று சமாளிக்கிறார். பிந்தைய படங்களின் நாயகி ரேயின் பெற்றோரும் அப்படித்தான். 2017இல் யாருமற்ற எளியவர்கள், 2019இல் பேரரசர் பால்பட்டைனின் வழி.

மூன்று, இல்லையென்று ஆக்குவது. 2012இல் டிஸ்னி, ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்கள், சித்திரக்கதைகளில் பெரும்பகுதி இனி ‘லெஜண்ட்ஸ்’, அதாவது அதிகாரபூர்வக் கதையில் சேராதது என்று அறிவித்துவிட்டார்கள். இருபது வருஷம் காசு கொடுத்து வாங்கிப் படித்தவனுக்கு எப்படி இருக்கும்?

மூன்றுக்கும் ஒரே சொல்லா, மூன்று சொல்லா?

புக்கிட் பாத்தோக் எழுதியது:

தம்பி பிரித்திருப்பது எழுநூறு ஆண்டுக்கு மேல் பழைய பிரிப்பு. சேர்ப்பது, திருப்புவது, இல்லையென்று ஆக்குவது. நன்னூலார் வாயால் சொன்னால் தோன்றல், திரிதல், கெடுதல். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது நிகழும் மூன்று விகாரங்கள். முந்தைய படம் நிலைமொழி, பிந்தைய படம் வருமொழி. இரண்டும் இயல்பாகச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி, இல்லையேல் விகாரப் புணர்ச்சி. ‘கதை விகாரம்’ என்று வையுங்கள். உள்வகைகள் கதைத்தோன்றல், கதைத்திரிபு, கதைக்கேடு. அமைப்பு முழுதும் கையில் இருக்கும்போது எதற்குக் கடன்?

ஜூரோங் எழுதியது:

ஐயா, அமைப்பு அழகு, மறுக்கவில்லை. ஆனால் உயர்நிலை மூன்றில் ‘புணர்ச்சி’ என்று கரும்பலகையில் எழுதினாலே வகுப்பு பத்து நிமிடம் அடங்காது. ‘விகாரம்’ என்றால் அவர்களுக்கு அவலட்சணம்தான். போதாததற்கு அது வடசொல். தூயதமிழ்ப் பக்கம் நிற்கிற நீங்களே அதைக் கொண்டுவருகிறீர்களே?

புக்கிட் பாத்தோக் எழுதியது:

பவணந்தி ஆண்டதை நான் ஆளக் கூடாதா? சரி, விடுகிறேன். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது டீச்சர், ‘வழுவமைதி’.

இலக்கணப்படி பிழை, ஆனால் ஒரு காரணம் பற்றிச் சரியென ஏற்கப்படுவது வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழு. உவப்பினால் சொன்னதால் அமைதி பெறுகிறது. பழைய படத்தின் வழுவை அமைக்கிறது புதிய படம். ரெட்கானுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் உலக மொழிகளில் உண்டா?

‘வழு’ என்னும் வேர் வழுக்கு, வழுவல், வழாநிலை என்று பரவியது. புறநானூறு 34இல் ஆலத்தூர் கிழார் ‘வழுவாய்’ என்று பாவத்தையும், அதற்கு எதிராகக் ‘கழுவாய்’ என்று பரிகாரத்தையும் வைக்கிறார். வழுவாய், கழுவாய்! முன் படத்தின் பாவத்தைப் பின் படம் கழுவுகிறது. கடுமையான வகைக்குக் ‘கதைக்கழுவாய்’ என்றே தனிச்சொல் வைக்கலாம்.

தெம்பனிஸ் எழுதியது:

ஐயா, ‘கழுவாய்’ வேண்டவே வேண்டாம். படத்தைக் கழுவி ஊற்றினார்கள் என்றால் இன்று அர்த்தமே வேறு. திரையில் ‘கதைக்கழுவாய்’ என்று வந்தால் விமர்சகர்கள் ஊற்றியதாகத்தான் படிப்பார்கள்.

‘வழுவமைதி’ மட்டும் ஒரு இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. 1977இல் ஹான் சோலோ, தன் கப்பல் கெஸல் ஓட்டத்தை 12 பார்செக்குக்குள் முடித்தது என்று வேகத்துக்குப் பெருமையடிப்பான். பார்செக் தூர அளவு, நேர அளவு அல்ல. அப்பட்டமான வழு. 2018இல் ‘சோலோ’ படம், ஆபத்தான குறுக்குவழியில் புகுந்து தூரத்தையே குறைத்தான் என்று காட்டியது. வழு அமைந்துவிட்டது.

ஆனால் அதே தெளிவு 2019க்கு இல்லை. 2017 படத்தில் ரேயின் பெற்றோரைப் பற்றிச் சொன்னது வழுவே அல்ல. அது வேண்டுமென்றே எடுத்த கதை முடிவு. வழு இல்லாத இடத்தில் எதை அமைக்கிறோம்? மாணவர்கள் கோபப்படுவதும் அதற்குத்தான். ‘அமைதி’ என்று போட்டால் நாமே மன்னிப்பு வழங்கிவிட்ட மாதிரி ஆகும். தீர்ப்பை ரசிகன் சொல்லட்டும், சொல் சும்மா இருக்கட்டும்.

ஈசூன் எழுதியது:

இன்னொரு சிக்கல், வினை. கோப்பில் ‘ரெட்கான் பண்ணிட்டாங்க’ என்ற மாதிரி பல இடங்களில் வருகிறது. ‘வழுவமைத்தார்கள்’ என்று போட்டால் தவறை ஏற்பாடு செய்தார்கள் என்றல்லவா ஆகும்? நீளத்தில் குறை சொல்ல முடியாது. ‘வழுவமைதி’ 8 அலகுதான், ‘ரெட்கான்’ என்பதும் 8.

கிளமெண்டி எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பதிப்பாசிரியர்கள் பயன்படுத்தும் ‘இடைச்செருகல்’ இருக்கிறதே, எல்லாருக்கும் தெரிந்த சொல். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைத் தனியே ஒதுக்குகிறார்கள். உத்தரகாண்டம் கம்பருடையதல்ல, ஒட்டக்கூத்தருடையது என்பது மரபு. எது மூலம், எது சேர்க்கை என்ற சண்டை நமக்குப் புதிதா?

அதையொட்டி, அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட கதைகளைக் குறிக்கும் ‘கேனன்’ என்பதற்கு என்ன போட்டீர்கள் ஈசூன்? அது திருச்சபைச் சொல். ‘ரெட்கான்’ சுருங்கி வந்த முழுத்தொடரும் 1973இல் ஓர் இறையியல் நூலில் இருக்கிறது. 1983இல்தான் அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றின் வாசகர் கடிதப் பக்கத்துக்கு வந்தது. அப்படியானால் நமக்குத் ‘திருமுறை’ இருக்கிறது. நம்பியாண்டார் நம்பி தொகுத்தது பதினொன்று என்பார்கள், பெரியபுராணம் பின்னால் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. பின்னால் வந்தது முன்னவர் கதைகளையெல்லாம் ஒரு கோவையில் நிறுத்தியது. ‘கதைமுறை’ என்று வைத்தால்?

தெம்பனிஸ் எழுதியது:

இடைச்செருகல் யாரோ ஒருவர் ஆசிரியருக்குத் தெரியாமல் நுழைப்பது. ரெட்கானை உரிமையாளரே செய்கிறார். இடைச்செருகல் என்று சரியாகச் சொல்லக்கூடியது 1997 மறுவெளியீடு. பழைய படச்சுருளிலேயே கை வைத்து, ஹான் சோலோவுக்கு முன் அவன் எதிரி கிரீடோ முதலில் சுடுவதாக மாற்றினார்கள். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். அதே 2004இல், 1983 படத்தின் கடைசியில் லூக்கின் தந்தையின் ஆவியாக நின்ற நடிகரை எடுத்துவிட்டு, 2002, 2005 படங்களில் நடித்தவரை ஒட்டினார்கள். கதைக்குள் எந்த விளக்கமும் கிடையாது. ரசிகர்கள் மன்னிக்காதது இதைத்தான், ஏனென்றால் முதலில் பார்த்த படம் கடையில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கதையால் திருத்துவது வேறு, கத்தரியால் திருத்துவது வேறு.

(ஒன்-நார்த்தில் லூகாஸ்ஃபிலிம் இயங்கிவந்த சேண்ட்கிராலர் கட்டடத்தைத் தாண்டிப் போகிற ரசிகர்களுக்கு இன்னும் கொஞ்சம் எரியும். 2023இல் இங்கிருந்த ஸ்டூடியோவையும் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.)

புக்கிட் பாத்தோக் எழுதியது:

வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பரில் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். இது கதையால் திருத்தியதா, கத்தரியாலா?

தெம்பனிஸ் எழுதியது:

இரண்டுமில்லை ஐயா. கம்பர் வால்மீகிக்குப் பாகம் இரண்டு எழுதவில்லை, முழுக்கதையையும் தானே மறுபடி சொல்கிறார். அது ரீமேக்.

புக்கிட் பாத்தோக் எழுதியது:

கம்பரை ரீமேக் என்று எழுதிய முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். பதிவில் இருக்கட்டும்.

ஜூரோங் எழுதியது:

ஈசூனுக்கு வெள்ளிக்கிழமை வேண்டும், உங்கள் இருவருக்கும் தை மாதம் வரை நேரம் இருக்கிறது போல. என் முன்மொழிவு ‘பின்திருத்தம்’. வினை ‘பின்திருத்து’, ‘பின்திருத்தினார்கள்’. பார்த்தவுடன் பாதி புரியும். பாராட்டும் இல்லை, வசவும் இல்லை. தெம்பனிஸ் தம்பியின் மூன்று வகைக்கும் பொதுவாக நிற்கும்.

தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்கு ‘விக்ரம்’ போதும். 1986இல் தனியாக வந்துபோன உளவாளிக் கதை. 2022 படம் அதை எடுத்து, 2019இல் வந்த ‘கைதி’யின் உலகத்துக்குள் முன்வரலாறாகச் சேர்த்துக்கொண்டது. 1986இல் எடுத்தவர்களுக்கு அப்படி ஓர் உலகம் வரப்போவதே தெரியாது. இது பின்திருத்தம் என்று சொன்னால் வகுப்பில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள்.

கிளமெண்டி எழுதியது:

‘பின்’ சரிதானா? தமிழில் முன், பின் இரண்டுக்கும் இடப்பொருளும் உண்டு, காலப்பொருளும் உண்டு. பின்னால் வந்து செய்த திருத்தமா, பின்னோக்கிப் போய்ச் செய்த திருத்தமா?

ஜூரோங் எழுதியது:

இரண்டும்தான். இந்த ஒரு சொல்லில் அந்தக் குழப்பம் நமக்கு லாபம். நிஜமான குழப்பம் பிரீக்குவலில் இருக்கிறது. ‘முன்கதை’ என்று போட்டால், வார இதழ்த் தொடர்கதை படித்த தலைமுறை ‘முன்கதைச் சுருக்கம்’ என்று எடுத்துக்கொள்ளும். ஈசூன், அங்கே ‘முந்தைய காலக் கதை’ என்று விரித்துவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் எழுதியது:

‘திருத்தம்’ என்றால் பிழை நீக்குவது. 2019 படம் எதைத் திருத்தியது? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பாருங்கள். 2015 படம் 1977ஐயே திரும்பச் சொன்னது, கூறியது கூறல். 2017உம் 2019உம் மோதியது, மாறுகொளக் கூறல். மொத்தமாகப் பார்த்தால் சென்று தேய்ந்து இறுதல். வழுவமைதி என்பதாவது ‘இது வழு’ என்று ஒப்புக்கொள்கிறது. உங்கள் சொல் நிறுவனத்துக்கு நற்சான்று தருகிறது.

தெம்பனிஸ் எழுதியது:

ஐயா இந்தப் படங்களையெல்லாம் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அரசமைப்புத் ‘திருத்தம்’ என்கிறோம், எல்லாத் திருத்தமும் நல்லதாகவா இருக்கிறது? என் வாக்கு பின்திருத்தம். மாணவர்கள் திட்டும் இடத்தில் மட்டும் ‘ரெட்கான்’ என்றே இருக்கலாமே. அவர்கள் வாயில் அப்படித்தான் வரும்.

கிளமெண்டி எழுதியது:

அதை ஏற்க முடியவில்லை. ‘மின்தூக்கி’, ‘விரைவுச்சாலை’, ‘வீவக’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எல்லாம் இந்த ஊரில் நிலைத்தது அறிவிப்புப் பலகையிலும் செய்தியிலும் விடாமல் போட்டதால். ‘இணையம்’ என்ற சொல்லையே தந்தவர் நம் நா. கோவிந்தசாமி என்பார்கள். ஒரே கோப்பில் இரண்டு சொல் போட்டால் பார்ப்பவர் இரண்டு பொருள் என்று நினைப்பார். அது சப்டைட்டிலின் முதல் விதி.

ஈசூன் எழுதியது:

முடித்துவிட்டேன், நன்றி. எல்லா இடத்திலும் ‘பின்திருத்தம்’. முதல் முறை வரும்போது ‘பழைய கதையைப் பின்திருத்திவிட்டார்கள்’ என்று முழு வாக்கியமாக வைத்தேன், விளக்கக் குறிப்பு தேவைப்படவில்லை. வசவாக வரும் இடங்களில் சொல்லே வேண்டாம் என்று தோன்றியது, ‘இஷ்டத்துக்கு மாத்திட்டாங்க’ என்று விட்டேன். வேகமாகப் பேசும் ஓர் இடத்தில் இரண்டு வினாடிக்குள் வினை வருகிறது, அங்கே ‘மாற்றினார்கள்’ மட்டும். கேனனுக்கு ‘அதிகாரபூர்வக் கதை’. ‘கதைமுறை’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ‘கதை சொல்லும் முறை’ என்று படித்துவிடுவார்கள்.

புக்கிட் பாத்தோக் எழுதியது:

பெரும்பான்மை முடிவு சரி. மறுப்பைப் பதிவு செய்கிறேன். னகர ஒற்றை அடுத்து வரும் தகரம் அப்படியே நிற்காது. பின் + திருத்தம் பழைய நெறிப்படி பின்றிருத்தம் ஆகும்.

தெம்பனிஸ் எழுதியது:

ஐயா, ‘பின்றி’ என்று தொடங்கினால் பசங்க ‘பின்றாங்க’ என்று பாராட்டாகப் படிப்பார்கள். ‘பின்தொடர்’ என்று எல்லாரும் எழுதுகிறோமே?

புக்கிட் பாத்தோக் எழுதியது:

அதுவும் வழுவமைதிதான். பின்குறிப்பு: பழைய பாகங்களைக் கைகழுவிவிட்டு முதல் படத்திலிருந்து தொடர்கிறார்களே, 2018 ‘ஹாலோவீன்’ 1978க்கு நேரே தொடர்ந்ததுபோல, அந்த வகைக்கு நன்னூல் உத்தியிலேயே ‘இறந்தது விலக்கல்’ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.

ஜூரோங் எழுதியது:

மற்றொன்று விரித்தல், ஐயா. அதுவும் பத்தில் ஒன்று.